செஞ்சோற்றுக் கடனும் ஒரு விண்வெளிக் கதையும்

மாரிகுப்பத்தில் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கானோர் என்பதை நம் சங்கத்து அன்பர் பலரும் அறிவர். போக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், வர அதே நூறு. உறங்குவோர் உறங்க, சீட்டாடுவோர் சீட்டாட, எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் அந்த நேரத்தில் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்திருக்கின்றனர். நூலை வாங்கிக் கொடுத்தவன் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த என் அண்ணன் பேரன். படித்ததோடு நில்லாமல் நால்வரும் சண்டையும் போட்டிருக்கின்றனர். அந்தச் சண்டை பொங்கல் விடுமுறையில் எங்கள் லைன் வீட்டு வாசல் வரை வந்து, "தாத்தா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க" என்று என் மடியில் விழுந்தது. எழுபதைக் கடந்த நான் ஒரு விண்வெளிக் கதையைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்க நேர்ந்தது அதனால்தான்.

நூலின் பெயர் 'லாஸ்ட் ஸ்டார்ஸ்'. எழுதியவர் கிளாடியா கிரே என்னும் அமெரிக்க எழுத்தாளர். வெளிவந்தது 2015 செப்டம்பரில். ஜார்ஜ் லூகாஸ் 1977-ல் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தையும் அதன் வழிவந்த படங்களையும் நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். பெரியவர்கள் பெயரையேனும் கேட்டிருப்பார்கள். அண்டவெளியில் ஒரு கொடுங்கோல் பேரரசு, அதை எதிர்க்கும் ஒரு சிறு கலகப்படை, இரண்டுக்கும் ஓயாத போர். படத்தைச் சார்ந்து, அந்தக் கற்பனை உலகத்துக்குள்ளேயே நடப்பதாக எழுதப்பட்ட நாவல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. 2015 டிசம்பரில் வரவிருந்த புதிய படத்துக்குக் கட்டியங் கூறும் வரிசையில் ஒன்றாக, பதின்பருவத்தினர்க்கு உரியது என்ற முத்திரையுடன் இதனை வெளியிட்டனர். வணிகந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வணிகத்துக்காகப் பிறந்த நூலில் உயிர் இராது என்று எண்ணுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. காப்பியம் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் நின்ற ஒருவரைப் பிடித்து நடுவே நிறுத்திக் கிளைக்கதை பின்னுவார்கள். வடாற்காட்டுச் சிற்றூரிலிருந்து தங்கவயலுக்கு வந்த என் தந்தையாருக்குத் தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' என்றால் உயிர். வியாச பாரதத்தில் தேடினாலும் கிடைக்காத பொன்னுருவி அந்தக் கூத்தில் கர்ணனின் மனைவி. கணவன் போர்க்களம் புறப்படுமுன் அவளுக்கும் அவனுக்கும் நிகழும் வாக்குவாதந்தான் கூத்தின் உயிர்நிலை. பாரதப் போரில் யார் வென்றார் என்பது கூட்டத்தில் அனைவரும் அறிந்ததே. பொன்னுருவியின் பேச்சுக்காகத்தான் பெண்கள் விடியும்வரை அமர்ந்திருப்பார்கள் என்பார் தந்தையார்.

கிளாடியா கிரே செய்திருப்பதும் ஏறக்குறைய அதுவே. ஜெலூகன் என்று ஒரு மலைநாட்டுக் கோள். அங்கே முதலில் குடியேறியவர்கள் பள்ளத்தாக்கில் வாழும் எளியவர்கள்; கொடுத்த வாக்கே அவர்களுக்கு உயிர். பின்னர் வந்தவர்கள் செல்வர்கள். எளியவர் குடியில் பிறந்த சியன்னா ரீ என்னும் பெண்ணும், செல்வர் வீட்டுப் பிள்ளை தேன் கைரலும் (பெயரைத் தமிழில் எழுதினால் இனித்துவிடுகிறது, நான் என்ன செய்ய?) பேரரசு தங்கள் கோளைத் தன்னோடு இணைத்துக்கொண்ட நாளில் எட்டு வயதுச் சிறுவர்களாகச் சந்திக்கின்றனர். இருவருக்கும் விமானம் ஓட்டும் ஆசை. ஆசை அவர்களைப் பேரரசின் படைப்பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தப் பேரரசு ஒரு கோளையே மக்களோடு தூளாக்குகிறது. வேற்றினத்தாரை அடிமைகளாக வைத்து வேலை வாங்குகிறது. பொறாத தேன் படையைவிட்டு ஓடிக் கலகக்காரரோடு சேர்கிறான். சியன்னாவோ சத்தியம் செய்துகொடுத்தவள். தான் நிற்பது தீமையின் பக்கம் என்பது மெல்ல மெல்லப் புலனான பிறகும் நகர மறுக்கிறாள்.

இதற்கிடையில் அவர்கள் பிறந்த மலைகளைப் பேரரசின் சுரங்கங்கள் குடைந்து பாழாக்குகின்றன. அத்தகைய சுரங்கமொன்றில் மேற்பார்வை பார்த்தவர் சியன்னாவின் தாயார். பணத்தைக் கையாடினார் என்று அவர்மீது பொய்க்குற்றம் சாட்டிச் சுரங்கத்திலேயே உழைக்கும் தண்டனை விதிக்கின்றனர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பொன் விளையும் ஊரில் தொழிலாளியின்மீது முதலில் விழுவது சந்தேகம் என்பதை மாரிகுப்பத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் அந்தச் சந்தேகத்தின் வரலாற்றில் ஒரு பக்கமே. மலை பாழானதும் நாம் அறியாததன்று. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் 3 கோடி டன்னுக்கு மேல் மேடாகக் குவிந்து, காற்றடிக்கும் மாதங்களில் நம் சோற்றுத் தட்டு வரை பறந்து வந்திருக்கிறது. எங்கோ அமெரிக்காவில் இருந்து எழுதிய அம்மையாருக்கு எங்கள் ஊரின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் ஊர் அந்நூலுக்குள் இருக்கிறது.

உலகெங்கும் வாசகர் இந்நூலை வரவேற்ற விதம் கவனிக்கத்தக்கது. 1977-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் பேரரசின் மாபெரும் போர்க்கோட்டை வெடித்துச் சிதறும்போது திரையரங்கில் கைதட்டல் எழும். நாற்பதாண்டுகளாக எழுந்துவந்த கைதட்டல் அது. இந்நூலிலோ அக்கோட்டைக்குள் இருந்து மாள்பவள் சியன்னாவின் உயிர்த்தோழி. அதே வெடிப்பைப் பலமுறை களிப்போடு பார்த்தவர்கள், முதன்முறையாக அதற்குள் இருந்தவர்களை எண்ணி வருந்தியதாகக் கூறினர். சிறுவர் நூல் என்று ஒதுக்கியிருந்த பெரியவர்கள், முத்திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் பரிந்துரைத்தனர். ஜப்பானில் இது சித்திரக் கதையாகவும் வரையப்பட்டது. குறை கூறினோரும் உளர். படங்களின் ஒவ்வொரு பெருநிகழ்ச்சியிலும் இவ்விருவரையும் கொண்டுபோய் நிறுத்தியிருப்பது திருவிழாவைச் சுற்றிக் காட்டுவது போலிருக்கிறது என்றனர் சிலர். அது நியாயமான குறையே. கொடுங்கோலுக்கு ஊழியம் செய்தவர்மீது இரக்கம் வரவழைப்பது தகுமா என்று கேட்டனர் வேறு சிலர். இந்தக் கேள்விதான் எங்கள் வாசலுக்கும் வந்தது.

"அவ ஏன் தாத்தா வரல? எல்லாம் தெரிஞ்சும் ஏன் அங்கேயே இருந்தா?" என்று கேட்டவள் என் தம்பியின் பேத்தி. "சத்தியம் பண்ணிட்டு எப்படி வருவா?" என்றான் அண்ணன் பேரன்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பன் விழா மேடைகளில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், உயர்ந்து நிற்பவன் கும்பகருணனா, வீடணனா என்று! அறத்தின் பக்கம் வந்த வீடணனுக்கு அரசு கிடைத்தது. அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவனுக்காகவே செத்த கும்பகருணனுக்கு நம் கண்ணீர் கிடைத்தது. கர்ணனுக்கும் அப்படியே. செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல்லை நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல் கையில் இல்லாத வெளிநாட்டு வாசகர்கள், சியன்னாவின் மனத்தை ஒருவருக்கொருவர் விளக்குவதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதாயிற்று.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. காரணம் உண்டு. என் அண்ணன் 1984-ல் சுரங்க வேலையை விட்டுப் பெங்களூரில் ஒரு பட்டறைக்குச் சென்றவர். தம்பி, சுரங்கம் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28 வரை இறங்கி ஏறியவன். அதற்குப் பின்னும் லைன் வீட்டை விட்டு நகராதவன். நடுவில் பிறந்த நான் ஆசிரியனானேன். ஆகவே இரு தரப்புக்கும் பொதுவானவன். எங்கள் தாயாரின் காரியத்தன்று இருவருக்கும் பேச்சு முற்றியது. "அன்னிக்கே என்கூட வந்திருந்தா உன் நெஞ்சு இப்படி இழுக்காதுடா" என்றார் அண்ணன். "எல்லாரும் போயிருந்தா அம்மாவுக்கு விளக்கேத்த இங்க யாருண்ணா இருந்திருப்பா?" என்றான் தம்பி. அதற்குப்பின் இருவரும் நல்லது கெட்டதுக்குச் சந்தித்துக்கொள்வார்கள்; அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இது தெரியாது. விந்தை என்னவெனில், இருந்தவனின் பேத்தி 'போயிருக்க வேண்டும்' என்கிறாள். போனவரின் பேரன் 'இருந்ததே சரி' என்கிறான். அவள் நாள்தோறும் விடியுமுன் எழுந்து அந்த இரயிலைப் பிடிப்பவள். அவனோ, ஊர்த் திருவிழா வந்தால் சொல்லாமல் மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிடும் தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவன். தீர்ப்புச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். இன்னொரு முறை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

பிறர் படைத்த கற்பனை மாந்தருக்காக வாசகர் இவ்வளவு உரிமை கொண்டாடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். இதே ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999-ல் வந்த 'வெக்டர் பிரைம்' என்னும் நாவலில் ஆர். ஏ. சால்வடோர், படங்களில் அனைவரும் விரும்பிய சூபாக்காவைச் சாகடித்தார்; சினங்கொண்ட வாசகரின் கடிதங்கள் அவரை வந்து குவிந்தன. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்களின் நிகழ்ச்சிகள் இனி மெய்க்கதையில் சேரா, அவை 'பழங்கதைகள்' மட்டுமே என்று உரிமையாளர் அறிவித்தபோது, அக்கதைகளோடு வளர்ந்தவர்கள் தங்கள் இளமையையே ஒருவர் கோடு போட்டு அடித்துவிட்டதாக வருந்தினர். 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' அந்த அறிவிப்புக்குப் பின் தொடங்கிய புதுக்கணக்கில் வந்த நூல். அந்த மனக்கசப்பையும் மீறித்தான் அது வாசகரை வென்றது. நம்மவர் மட்டும் சளைத்தவர்களா? 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி, கதை முடிந்தபின் வாசகரின் குறைகளுக்கு முடிவுரையில் விடையிறுக்க வேண்டியிருந்தது. 1980களில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையாகி, 'மீண்டும் ஜீனோ' என்று திரும்பி வந்தது.

மாரிகுப்பத்துக்கோ இவ்வழக்கம் இன்னும் பழையது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' இதழை வரிக்கு வரி படித்து, ஐயம் எழுப்பி, விடை பெற்றவர்களில் மாரிகுப்பத்துச் சாக்கிய பௌத்த சங்கத்தாரும் உண்டு. 1920களில் அவ்விதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. படித்துவிட்டுச் சும்மா இருப்பது எங்கள் ஊர்க்குணம் அன்று. விண்வெளியும் எங்களுக்கு அந்நியமன்று. 1965-ல் விஞ்ஞானிகள், அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரினோத் துகள்களைத் தேடிச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியாழத்தில் கருவி வைத்துக் கண்டறிந்தார்கள். வானத்தைப் பார்க்க மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்றால் பிறர் வியப்பார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னுமொரு ஷிப்ட்.

2018-ல் 'கே.ஜி.எஃப்.' திரைப்படம் வந்தபோது ஊர் இளைஞர் விசிலடித்துப் பார்த்தனர். சயனைடு மேட்டில் எடுத்த காட்சிகளைக் கண்டு, "அதோ நம்ம மேடு" என்று கூவினர். கற்பனைக் கதை, கற்பனைக்கு வரி கேட்க முடியாது. ஆயினும் வீடு திரும்பியவர்கள், நாயகனுக்குப் பின்னால் மண் சுமந்து நின்றவர்களில் நம் தாத்தா யார் என்று தேடத்தான் செய்தனர். ஓரத்தில் நின்றவர்களின் கதையைக் கேட்கும் அந்தப் பசிதான், இரயிலில் ஒரு விண்வெளி நாவலைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்க வைத்தது என்று நான் எண்ணுகிறேன்.

நூலின் இறுதியில், பாலைவனக் கோள் ஒன்றின்மேல் நடக்கும் பெரும்போரில், பகைவர் கையில் சிக்காதிருக்கத் தன் கப்பலைத் தானே மோதி அழித்துத் தானும் மடியத் துணிகிறாள் சியன்னா. தேன் அவளை இழுத்துக்கொண்டு தப்புகிறான். உயிர் பிழைத்தவள் வென்றவர்களின் சிறைக்கைதியாகிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது. பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர் ஆண்டுக்கணக்கில் ஆசிரியரைக் கேட்டிருக்கின்றனர். காத்திருக்கப் பொறுக்காதவர்கள் தாங்களே தொடர்ச்சி எழுதிக்கொண்டனர்.

என் தம்பியின் பேத்தியும் எழுதுகிறாள், தமிழில், ஒரு நாற்பது பக்க நோட்டில். அவளுடைய கதையில் விடுதலையான சியன்னா ஊர் திரும்பி, தன் தாயார் உழைத்த சுரங்கத்துக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கிறாள். எப்படி இறங்குவார்கள் என்று கேட்க என்னிடம் வந்தாள். நான் ஆசிரியன், எனக்கென்ன தெரியும்? தாத்தாவைக் கேள் என்றேன். சுரங்கத்தைப் பற்றி வாய் திறவாத தம்பி அன்று பேசினான். சங்கு ஊதுவது, விளக்கு வாங்குவது, கூண்டுக்குள் தோளோடு தோள் நெருக்கி நிற்பது, கூண்டு விழுவதுபோல் இறங்கும்போது காதடைத்துக்கொள்வதும் எச்சில் விழுங்கினால் விட்டுக்கொடுப்பதும் என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே போனான். அண்ணன் பேரன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அண்ணன் இருமும் ஒலியும் கேட்டது.

"அவ்வளவு ஆழத்துல ரொம்பக் குளிருமா தாத்தா?" என்றாள் பெண்.

"குளிரா? பாறை கொதிக்கும்மா" என்றான் தம்பி.

அவள் நோட்டைப் புரட்டி, 'குளிர்ந்த இருள்' என்று எழுதியிருந்ததை அடித்தாள்.