காலிக் கட்டம்

ஜூலை மாதம் தென்காசியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும். ஓய்வுபெற்ற பிறகு மனைவியின் ஊரான இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, அதைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் இப்போது உத்தியோகம். அன்று மாலை என் பேத்தியும் பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்தாள். மறுநாள் காலை எல்லோரும் ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு.

மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்ததிலிருந்து, மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்ற நினைப்பு இந்தப் பக்கம் குறைந்துவிட்டது. என் பேத்தி வேலை பார்ப்பது வேறொரு கம்பெனி, பெயர் வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை. மற்றவர்கள் எழுதும் நிரலைச் சோதிப்பது அவள் பொறுப்பு.

"தாத்தா, எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. ஆனா ஏதோ இடிக்கு" என்றாள்.

என் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். முன்பெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரமே இரவில் செய்துவிடுகிறது. முடிவுகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பை இன்னொரு நிரல் எடுத்து, சோதனை நிர்வாகக் கருவி என்ற பெரிய பேரேட்டில் ஏற்றுகிறது. டெஸ்ட்ரெயில், எக்ஸ்ரே என்று அப்படிப் பல கருவிகள் உண்டு. மேலாளர் பார்ப்பது பேரேட்டைத்தான். நம் பாஷையில் சொன்னால், நாட்குறிப்பிலிருந்து லெட்ஜருக்குப் பதிவது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலை!

அந்தக் கோப்பைக் காட்டச் சொன்னேன். ஜேயூனிட் வகைக் கோப்பாம். ஜேயூனிட் என்பது கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் 1997-இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போது எழுத ஆரம்பித்த சோதனைக் கருவி. வரிசையாகச் சோதனைகளின் பெயர்கள் இருந்தன. தோற்றதற்கு அடியில் தோல்வி என்று ஒரு குறிப்பு, நடுவில் முறிந்ததற்குப் பிழை என்று ஒரு குறிப்பு, ஓட்டாமல் விட்டதற்குத் தவிர்த்தது என்று ஒரு குறிப்பு.

"பாஸ் ஆனதுக்கு என்ன எழுதியிருக்கும்மா?"

"ஒண்ணும் எழுதாது தாத்தா. ஒண்ணும் இல்லைன்னா பாஸ்."

எனக்கு எங்கள் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் நான். 1954-இல் ஆட்சி கைமாறிய பிறகும் அந்தப் பள்ளிகள் நடந்தன. அங்கே திக்தே என்று ஒரு பயிற்சி. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். இருபது மதிப்பெண்ணில் தொடங்கி, தப்புக்குத் தப்பு கழித்துக்கொண்டே வருவார். ஒருநாள் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் முதல் மூன்று வரியை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டான். தப்பே இல்லை, இருபதுக்கு இருபது வர வேண்டும் அல்லவா? முசியே சிவப்பு மையால் பெரிய பூஜ்யம் போட்டார். தப்பை எண்ணுவதற்கு முன்னால் அவர் வரிகளை எண்ணியிருந்தார்.

அதனால் பேத்தியிடம் கேட்டேன்: "பேரேட்டில் மொத்தம் எத்தனை? கோப்பில் வந்தது எத்தனை?"

எண்ணிப் பார்த்தாள். பேரேட்டில் 1,386. கோப்புகளில் வந்தது 1,041. மீதி 345 எங்கே?

நான்கு இயந்திரங்களில் ஒன்று நள்ளிரவில் நினைவகம் போதாமல் நின்றுவிட்டிருக்கிறது. அதன் கோப்பு வரவே இல்லை. வந்த மூன்று கோப்புகளையும் ஏற்றிவிட்டு, ஏற்றும் நிரல் "வெற்றி" என்று சொல்லிவிட்டது. அவர்கள் தினமும் புது ஏடு திறக்காமல் பழைய ஏட்டிலேயே மேலெழுதுகிற வழக்கமாம். ஆகவே அந்த 345-க்கும் முந்தின ஓட்டத்தில் போட்ட பச்சை அப்படியே நின்றது.

மறுநாள் மதியம் மென்பொருளை வெளியிட வேண்டும். பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்பப் போய்ச் சொன்னா என்னைத்தான் ஏசுவாங்க. போன வாரம் பாஸ் ஆனதுதானே, இப்பவும் ஆயிருக்கும்" என்றாள்.

அப்போதுதான், என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஊழியர்களின் பணிப்பதிவேடுகளைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். சரிபார்ப்புப் பதிவு விடுபட்டிருந்தால் எதிரே எழுத வேண்டும். சரியாக இருந்தால் கட்டத்தைக் காலியாக விடலாம். 9 பதிவேடுகள் பாக்கி இருக்கும்போது தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போனேன். திரும்பி வந்தபோது பட்டியல் டைப் ஆகி, கையெழுத்தும் ஆகியிருந்தது. நான் பார்க்காத 9 பேருக்கு எதிரே காலிக் கட்டம். அதாவது, சரி.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டியலைத் திரும்ப டைப் அடிக்க வேண்டும், மேலதிகாரி முகம் சுளிப்பார். சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த 9 பேரில் ஒருவர் இரவுக் காவலர். அவர் ஓய்வுபெற்றபோது ஒன்றரை வருஷப் பணிக்குச் சரிபார்ப்பு இல்லை என்று ஓய்வூதியக் காகிதங்கள் திரும்பி வந்தன. பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடி எடுத்துச் சரிசெய்ய 11 மாதம் ஆயிற்று. அதுவரை முழு ஓய்வூதியம் இல்லை. திங்கட்கிழமைதோறும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். "நீங்க ஒருத்தர்தான் சார் எனக்காக அலையறீங்க" என்பார். காரணம் நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை.

பேத்தி எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். போனில் பேசுவது கேட்டது. குரல் முதலில் நடுங்கியது, பிறகு சரியாயிற்று. ஏசத்தான் ஏசினார்கள். நின்றுபோன 345-ஐ இரவே திரும்ப ஓட்டினார்கள். 339 தேறியது, 6 தோற்றது. அதில் ஒன்று, மாதக் கடைசித் தேதியில் போடும் பில்லுக்கு வரி இரண்டு தடவை ஏறுவது. வெளியீடு இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

ஐந்தருவிக்கு நாங்கள் அவள் இல்லாமல்தான் போனோம். திரும்பி வந்தபோது இன்னும் மடிக்கணினி முன்னால்தான் இருந்தாள். இனிமேல் ஒவ்வொரு இரவும் புது ஏடு, எல்லாச் சோதனையும் 'சோதிக்கவில்லை' என்ற நிலையில்தான் தொடங்கும், வந்த எண்ணிக்கை மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஏற்றும் நிரல் வெற்றி என்று சொல்லாது என்று மாற்றிவிட்டாளாம்.

"பிரெஞ்சுல காலிக் கட்டத்துக்கு என்னமோ எழுதுவோம்னு முன்ன சொன்னீங்களே தாத்தா?"

"நேயான். ஒன்றுமில்லை என்று அர்த்தம். பார்த்தேன், ஒன்றுமில்லை என்றால்தான் அதை எழுதலாம்."

அவளுடைய ஆச்சி சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்தக் காவலரின் விஷயத்தை அன்று இரவு அவளிடமும் சொன்னேன்.