மவுண்ட் ரோட்டில் காணாமல் போன ஏரி

கோட்டையிலிருந்து பரங்கிமலை வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர். பலகையில் அண்ணா சாலை, பேச்சில் இன்னும் மவுண்ட் ரோடு. இந்தச் சாலையில் எதெல்லாம் போயிற்று என்று கேட்டால் பழைய சென்னைக்காரர்கள் முதலில் சினிமா தியேட்டர்களைச் சொல்வார்கள், பிறகு ஸ்பென்சர் கடையை. அவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்று போயிருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தீவுத்திடல் பக்கம் 1839 முதல் சிலையாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார் தாமஸ் மன்றோ. சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. நல்ல கவர்னர் என்று பெயர் வாங்கியதால் தப்பித்தார். ஸ்பென்சர் எதிரே நின்ற கர்னல் நீல் தப்பவில்லை. 1857 கிளர்ச்சியில் வடக்கே கொன்று குவித்தவருக்கு இங்கே என்ன சிலை என்று 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பத்து வருஷம் கழித்து ராஜாஜி ஆட்சியில் சிலையை எடுத்து எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஸ்பென்சரும் 1983இல் தீயில் போயிற்று. இப்போது அங்கே நிற்பது பெயர் மட்டும் பழசான வணிக வளாகம்.

இடையில் தியேட்டர்கள். 1913இல் வந்த எலக்ட்ரிக் தியேட்டர் தபால் நிலைய வளாகத்துக்குள் இன்னும் இருக்கிறது. படத்துக்குப் பதில் தபால்தலை. சாந்தி இல்லை, ஆனந்த் இல்லை. 1964இல் ஒரே கட்டடத்தில் மூன்று திரையோடு வந்த சஃபையர் இல்லை. அதிலிருந்த ப்ளூ டைமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஏசியில் தூங்கிவிட்டும் வரலாம். எல்.ஐ.சி. கட்டடம் மட்டும் 1975 தீ விபத்துக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்கிறது. 1959இல் திறந்தபோது பதினாலு மாடியை அண்ணாந்து பார்க்கவே ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது. 1973இல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும், ஜனங்கள் அதை ஜெமினி என்றே சொல்கிறார்கள்.

ஜெமினியைத் தாண்டித் தெற்கே போகும்போது வலது கைப் பக்கம் பாருங்கள். கடை, ஓட்டல், அலுவலகம், அதற்குப் பின்னால் தி.நகர். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் தண்ணீர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை சாலைக்கு மேற்கே வளைந்து நீண்டு கிடந்தது. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள், அதில் படகுப் போட்டியும் நடத்தினார்கள். 1920களில், நகரத்தில் இடம் போதவில்லை என்று நீதிக்கட்சி ஆட்சி மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டது. தியாகராயரின் பெயர் ஊருக்கும் பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் கிடைத்தன. மீதியும் மெல்ல மெல்லப் போய், 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்ததும் பழைய ஏரிப் பரப்பில்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவே இருக்கிறது. இரண்டிலும் ஏரி இல்லை.

தி.நகர் நன்றாகத் திட்டமிட்ட பேட்டைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேடு பள்ளம் மாறுவதில்லையே. வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி நந்தனத்தில் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் அந்தத் தண்ணீருக்கு மிஞ்சிய வழி. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் வெள்ளம் நாள்கணக்கில் வடியாமல் நின்றபோது, கால்வாயில் கிடந்த கட்டட இடிபாடுதான் காரணம் என்றார்கள். காரணம்தான். ஆனால் கதையை அங்கிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் வரும். ஸ்பென்சர் எரிந்ததற்கு இன்றும் உச்சுக்கொட்டுகிறவர்கள் இதற்கு ஏன் கொட்டுவதில்லை? கட்டடத்துக்குப் புகைப்படம் நிறைய இருக்கிறது, ஏரிக்கு அவ்வளவாக இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதன்மேல் நம் வீடுகளே நிற்பது இன்னொன்று.

சைதாப்பேட்டையில் அடையாறு. 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் இங்கே பாலம் கட்டினார். மலைக்குப் போகும் பக்தர்கள் ஆற்றில் இறங்கித் தவிக்க வேண்டாம் என்று. இப்போதிருப்பது மறைமலை அடிகள் பாலம். பழையதற்குச் சாட்சியாக ஒரு கல்வெட்டு மிஞ்சியிருக்கிறது. சின்னமலை வந்ததும், அதுவரை பூமிக்கடியில் வந்த மெட்ரோ தலைக்குமேல் ஓடுகிறது. கிண்டியும் கத்திப்பாராவும் இன்று மேம்பாலங்களின் ராஜ்ஜியம். நிறுத்தி நிதானமாகப் பார்க்க அங்கே இடமில்லை.

பரங்கிமலையில் சாலையின் கடைசிப் பகுதி படிக்கட்டு. உச்சியில் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம். இந்தப் படிகளும் உஸ்கான் போட்டவைதான். மணிலாவில் வணிகம் செய்து சென்னையில் குடியேறியவர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்ததால் சொத்தை இழந்தார். 1751இல் இறந்தார், உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள், இதயம் மட்டும் அவர் விருப்பப்படி பாரசீகத்து ஜுல்ஃபாவுக்குப் போயிற்று. சந்திக்குச் சந்தி சிலை வைத்திருக்கும் இந்தச் சாலையில் அவருக்கு ஒன்று கிடையாது. பாலத்துக்கும் படிக்கும் பணம் கொடுத்தவர் அதைக் கேட்டிருப்பார் என்றும் தோன்றவில்லை.