1066-இல் ஸ்ரீவிஜயம்

'குரூசேடர் கிங்ஸ் 3' என்ற கணினி விளையாட்டு தொடங்கும் தேதிகளில் ஒன்று 15 செப்டம்பர் 1066. நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கக் காத்திருந்த நேரம். தேதியைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020-இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது அதன் வரைபடம் வங்கக் கடலுக்குக் கிழக்கே அதிகம் போகவில்லை. 2025 அக்டோபரில் வந்த 'ஆல் அண்டர் ஹெவன்' விரிவாக்கம் சீனா, கொரியா, ஜப்பானோடு தென்கிழக்காசியாவையும் சேர்த்தது. இங்கிலாந்துக்காகக் குறித்த நாளில் சுமத்ரா அரசனும் தன் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இதை ஆடுகிறவர்கள் சோழனைத்தான் எடுப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். 1025-இல் ராஜேந்திரனின் கப்பற்படையிடம் அடிவாங்கிய ஸ்ரீவிஜயம் 41 ஆண்டுகளுக்குப் பிறகு என்ன நிலையில் இருந்தது? சரிந்துகொண்டிருந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பதில். அந்தப் பதிலின் பிறப்பிடத்தைத் தேடிப் போனால் முதலில் ஒரு வேடிக்கை எதிர்ப்படுகிறது: 1918 வரை, வீழ்ந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பேரரசு இருந்ததே யாருக்கும் தெரியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில், கப்பலில் சென்று வென்றதாக 13 இடங்கள் வரிசையாக வருகின்றன. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று போய்க் கடைசியில் கடாரத்தில் முடியும் பட்டியல் அது. பிடிபட்ட அரசன் பெயர் சங்கிராம விசயோத்துங்கவர்மன். இதைப் படித்து அச்சேற்றிய கல்வெட்டறிஞர் ஹூல்ஷுக்குக் கடாரம் எங்கே என்று பிடிபடவில்லை. 1891-இல் அவர் சொன்ன யோசனை, அது ராமநாதபுரம் ஜமீனில் உள்ள கிடாரம் என்பது.

இன்றும் சாயல்குடிப் பக்கம் கீழக்கிடாரம், மேலக்கிடாரம் என்று ஊர்கள் இருக்கின்றன. கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து படை அங்கே நடந்தே போய்விடலாம். மெய்க்கீர்த்தியோ அலைகடலில் பல கலம் செலுத்தியதைச் சொல்கிறது. அரசனின் யானைகளையும், வித்தியாதர தோரணம் என்ற பெருவாயிலையும் கொள்ளையிட்டு வந்ததாகச் சொல்கிற ஒரு படையெடுப்பைச் சாயல்குடிக் கடற்கரையில் நிறுத்திப் பார்ப்பது கடினம்தான். ஆனாலும் ஹூல்ஷைக் கேலி செய்ய இடமில்லை. பட்டியலில் உள்ள மற்றப் பெயர்களில் பலவும் அன்று எந்த வரைபடத்திலும் உறுதியாக ஒட்டவில்லை. கடாரத்தோடு காதில் ஒத்து ஒலித்த ஊர் இது. அடுத்து வந்தவர்கள் கடாரத்தைப் பர்மாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெகுவில் நின்ற இரண்டு கருங்கல் தூண்கள் ராஜேந்திரன் நட்ட வெற்றித் தூண்கள் என்று காட்டப்பட்டன. பல ஆண்டுகள் அது புத்தகங்களிலும் ஓடியது.

முடிச்சை அவிழ்த்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ். பாங்கா தீவின் கோத்தா கபூர் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீவிஜய' என்பதை 1913-இல் டச்சு அறிஞர் கெர்ன் ஓர் அரசனின் பெயராகப் படித்திருந்தார். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு லெய்டன் செப்பேடு என்று அறியப்படுகிறது. அதன் வடமொழிப் பகுதியில் ஸ்ரீவிசயத்துக்கும் கடாகத்துக்கும் தலைவனாக வருபவனே தமிழ்ப் பகுதியில் கிடாரத்தரையனாக வருகிறான். சீன நூல்களில் சான்ஃபோசி என்றொரு நாடு இருந்தது. மூன்றையும் செதேஸ் 1918-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சுமத்ராவின் பாலம்பாங்கை மையமாகக் கொண்ட ஒரு கடல் அரசு புலப்பட்டது. கடாரம் மலேசியாவின் கெடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாண்டில் பாலம்பாங்கிலேயே 683-ஆம் ஆண்டின் கெடுகான் புக்கிட் கல்வெட்டு கிடைத்து அதை உறுதி செய்தது.

பேரரசு கிடைத்தவுடன் அதற்கு ஒரு வீழ்ச்சியும் வேண்டியிருந்தது. கையில் இருந்த பெரிய நிகழ்ச்சி 1025 ஒன்றே. 1937-இல் வரலாற்றாசிரியர் மஜும்தார் சோழ மேலாதிக்கம் அங்கே பல காலம் நீடித்ததாக எழுதினார். நீலகண்ட சாஸ்திரி 1949-இல் அச்சான தம் ஸ்ரீவிஜய வரலாற்றில் எச்சரிக்கையாகவே பேசினார். அவர் பேரைச் சொல்லிப் பரவிய கதைகளில் அந்த எச்சரிக்கை இல்லை. வென்றவன் வெட்டிய பட்டியலைத் தோற்றவனின் மரணச் சான்றிதழாகப் படித்ததில் பிறந்ததுதான் 'சரியும் பேரரசு'.

அதைச் சரிபார்க்க 1066-ஐ ஒட்டி வெட்டிய ஒரு தமிழ்க் கல்வெட்டு கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. கோவையிலிருந்து சூலூர், பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் என்று போகும் சாலை கரூரை அடைகிறது. காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூர் பச்சைக்கல் சங்க காலத்திலேயே கடல் தாண்டிப் போனது. ஆனால் சோழர் காலத்தில் இந்த வட்டாரத்தின் கவலை கடல் அல்ல, வடக்கே சாளுக்கியன். கரூர் பசுபதீசுவரர் கோயிலில் வீரராசேந்திரனின் 4-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அவன் 1063 வாக்கில் பட்டம் ஏறியவன் என்பதால் கணக்கு 1066-67-இல் விழுகிறது. விளையாட்டின் தொடக்கத் தேதிக்கு இதைவிட நெருங்கிய சாட்சி கொங்கில் வேண்டியதில்லை.

கல்லில் புள்ளி இல்லை, சொற்களுக்கு இடைவெளி இல்லை; வரி ஒரே மூச்சில் ஓடுகிறது. பழகாத கண்ணுக்கு மெய்க்கீர்த்தி எங்கே முடிந்து தானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அச்சில் படிப்பவருக்குப் போர்கள் வரிசையாகக் கிடைக்கும். கங்கபாடியிலிருந்து சாளுக்கிய இளவரசன் விக்கலனைத் துங்கபத்திரைக்கு அப்பால் துரத்தியது ஒன்று. வேங்கி நாட்டுக்கு வந்த படையை அழித்து, தண்டநாயகன் சாமுண்டராயன் தலையைக் கொய்து, அவன் மகள் நாகலையின் மூக்கையும் அரிந்தது இன்னொன்று. கூடல்சங்கமத்தில் சாளுக்கிய அரசன் ஆகவமல்லனைப் புறங்காட்ட வைத்தது மூன்றாவது. கடாரத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஒரு பெண்ணின் மூக்கைக்கூட விடாமல் எழுதிய புலவன், கடல் கடந்து ஒரு பேரரசு கைக்குள் இருந்திருந்தால் அதை விட்டிருப்பானா? சோழ அரண்மனையின் பார்வை அப்போது துங்கபத்திரையில் நிலைத்திருந்தது. மூன்று ஆண்டு கழித்து 7-ஆம் ஆட்சியாண்டில், அச்சிறுபாக்கம் பக்கத்துப் பெரும்பேர் கல்வெட்டில்தான் கடாரம் வருகிறது. உதவி கேட்டு வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. 1068 வாக்கில் நடந்ததாகக் கொள்ளப்படும் அந்தப் படையெடுப்பு, ஆட்டத்தில் ஸ்ரீவிஜயத்தை எடுத்தவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு தொலைவில் இருக்கிறது. அதில்கூட நிலத்தை வைத்துக்கொள்ளும் பேச்சு இல்லை.

தமிழ்க் கல்வெட்டுகள் இப்படி விட்டுப்போன இடத்தில் சீனச் சாட்சியைத் தேட வேண்டும். அங்கே காத்திருப்பது இந்தத் தேடலிலேயே மிகப் பிடிவாதமான கல்: குவாங்சூ நகரின் தாவோ கோயில் ஒன்றைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் 1079-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 1052-இல் நோங் ஸிகாவ் என்ற கலகக்காரன் நகரை முற்றுகையிட்டபோது அந்தக் கோயில் பாழானது. பிறகு அதைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர் சான்ஃபோசி நாட்டின் நிலத்தலைவர் என்றும், பெயர் தி-ஹுவா-ஜியா-லோ என்றும் கல் சொல்கிறது. சீனாவின் சோங் அரச மரபின் வரலாற்றில் இதே பெயரில் சான்ஃபோசியின் பெருந்தலைவர் ஒருவர் சீனா வந்து பட்டம் பெற்றிருக்கிறார். இதுவரை சிக்கல் இல்லை. 1077-இல் அதே வரலாறு சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூது வந்ததையும், அவர்கள் 81,800 கோவை செப்புக் காசு பெற்றுத் திரும்பியதையும் பதிவு செய்கிறது. தூது அனுப்பிய சோழ அரசனின் பெயர்? தி-ஹுவா-ஜியா-லோ.

1077-இல் சோழ அரியணையில் இருந்தவன் முதலாம் குலோத்துங்கன். ஆகவே பட்டம் ஏறுமுன் அவன் சில காலம் ஸ்ரீவிஜயத்தில் அதிகாரியாக இருந்தான் என்பது ஒரு கட்சி. வேங்கியில் உரிமை மறுக்கப்பட்ட இளவரசன் கடல் கடந்து போனான் என்ற கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைக் குலோத்துங்கனின் எந்தப் பட்டத்தோடும் ஒலிப்படி நேராகப் பொருத்த முடிவதில்லை. எதிர்க்கட்சியில் தான்சென் சென் போன்ற வரலாற்றாசிரியர்கள், ஸ்ரீவிஜயத்தார் சோங் அவையில் சோழரைத் தங்கள் கைக்குள் இருப்பவர்களாகக் காட்டினார்கள் என்கிறார்கள். சோழத் தூதர்கள் சீனா போகும் வழியெல்லாம் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்கள், மொழிபெயர்க்கவும் அவர்களே. எந்தக் கட்சியையும் கல் முடித்துக் கொடுப்பதில்லை. குலோத்துங்கன் கட்சி எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் ஒரே பெயரை நம்பி நிற்கிறது என்பதால், இரண்டாவது கட்சிக்கே எடை சற்றுக் கூடுகிறது.

அதற்குத் துணையாக 1106-ஆம் ஆண்டின் ஒரு குறிப்பும் உண்டு. பர்மாவின் பகான் நாட்டுத் தூதர்கள் சோங் அவைக்கு வந்தபோது அவர்களையும் சோழத் தூதர்களைப் போலவே நடத்தினால் போதும் என்று பேரரசர் சொன்னார். சடங்குத் துறை மறுத்தது. சோழ நாடு சான்ஃபோசிக்கு அடங்கியது, அதனால்தான் முன்பு அவர்களுக்கான கடிதத்தைச் சாதாரணக் கெட்டித்தாளில் எழுதினோம். பகான் தனி நாடு, அதற்குப் பட்டும் பூவேலையும் வேண்டும் என்றது. கங்கையும் கடாரமும் கொண்ட மரபுக்குச் சீனத்தில் கிடைத்த மரியாதை இரண்டாம் தரத் தாள்! ஸ்ரீவிஜயம் போரில் இழந்ததைத் தூதில் மீட்டுக்கொண்டிருந்தது.

இங்கே தேடல் போர்க்களத்தை விட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். சீன ஆவணங்கள் 1079-லும் 1082-லும் சுமத்ராவிலேயே உள்ள ஜம்பியிலிருந்து வந்த தூதுகளைக் குறிக்கின்றன. அரசின் மையம் பாலம்பாங்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. 1082-இல் ஜம்பி அரசனின் மகள், நாட்டு விவகாரங்களைக் கவனித்தவள், குவாங்சூ வணிக அதிகாரிக்குச் சீன எழுத்தில் கடிதமும் கற்பூரமும் 13 கட்டுத் துணியும் அனுப்பினாள். 1088-இல் சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் அருகே லோபு துவாவில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழிலேயே ஒரு கல் நட்டார்கள்; கப்பலும் மரக்கல நாயனும் செலுத்த வேண்டிய கட்டணத்தைச் சொல்கிறது அது. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் ராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கு வாங்கிப் போனார்கள். சிறிய லெய்டன் செப்பேடு அது. கேட்டவனின் குரலில் தோல்வியின் தயக்கமும் இல்லை, கொடுத்தவனிடம் எசமானின் மிடுக்கும் இல்லை.

ஸ்ரீவிஜயத்தை மெல்லத் தின்றது வேறொன்று என்பது வரலாற்றாசிரியர் வோல்ட்டர்ஸின் வாதம். சோங் ஆட்சி தன் வணிகர்களைக் கடலில் இறங்க விட்டது. சீனக் கப்பல்களே கற்பூரமும் மிளகும் விளையும் துறைகளுக்கு நேரே போகத் தொடங்கின. இடையில் நின்று எல்லாச் சரக்கையும் தன் துறைக்கு இழுத்த அரசுக்கு வேலை குறைந்தது. எந்தக் கோட்டையும் விழாமல் நடக்கிற இந்த மாற்றத்தைப் படைபலத்தை எண்ணும் விளையாட்டில் காட்டுவது எளிதல்ல.

விரிவாக்கத்தை உருவாக்கியவர்கள் தென்கிழக்காசியாவுக்கு 'மண்டலம்' என்று தனி ஆட்சிமுறை வைத்தது இந்த வகையில் நல்ல முடிவு. அர்த்தசாஸ்திரத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்து அப்பகுதியின் அரசுகளுக்குப் பொருத்தியவரும் வோல்ட்டர்ஸ்தான். எல்லைக்கோடு கிடையாது, மையத்தில் ஓர் அரசன், சுற்றிலும் அவனை ஒப்புக்கொண்ட தலைவர்கள். ஒப்புதல் எப்படி வாங்கப்பட்டது என்பதற்குப் பாலம்பாங்கில் கிடைத்த தெலாகா பத்து கல்லே சான்று. மேலே ஏழு நாகத் தலைகள், கீழே நீர் வடிய ஒரு தூம்பு. இளவரசர் முதல் கப்பல் தலைவர், வணிகர், அரசனின் வண்ணார் வரை பெயர் சொல்லி, துரோகம் செய்தால் அழிவாய் என்று சபிக்கிறது எழுத்து. அதன்மேல் ஊற்றிய நீரைக் குடித்துச் சத்தியம் செய்தார்கள் என்று கருதப்படுகிறது. இப்படிக் கட்டிய அரசில் தலைநகரைக் கொள்ளையிட்டாலும் சத்தியம் செய்த துறைகள் மிஞ்சும். குல்கே போன்ற வரலாற்றாசிரியர்கள் ஸ்ரீவிஜயத்தைப் பேரரசு என்று அழைக்கவே தயங்குவதும் இதனால்தான்.

விளையாட்டில் 1178 என்றும் ஒரு தொடக்கத் தேதி உண்டு. அந்த ஆண்டில் சோங் அதிகாரி சௌ சூஃபேய் தம் நூலில் சான்ஃபோசியைக் கடல் வணிகத்தின் முக்கியச் சந்திப்பாக எழுதினார். அதே ஆண்டு வந்த தூதுக்கு, இனித் தலைநகர் வர வேண்டாம், சுவான்சூ துறைமுகத்தோடு நின்றுகொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. 1225-இல் இன்னொரு சோங் அதிகாரி சாவ் ருகுவா சான்ஃபோசிக்கு 15 சார்பு நாடுகளைப் பட்டியலிட்டார். 1279-இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழ மரபே முடிந்துபோனது. 1377-இல் மிங் பேரரசர் சான்ஃபோசி அரசனுக்கு முத்திரை கொடுத்து அனுப்பிய தூதர்களை, தன் ஆதிக்கத்தில் உள்ள நாட்டுக்கு இது ஏன் என்று ஜாவா அரசன் வழியிலேயே கொன்றுவிட்டான். அந்த நாடு அதன்பின் நலிந்தது என்று மிங் வரலாறு குறித்துக்கொண்டது. ஆட்டம் முடியும் 1453-க்கு அப்போது இன்னும் 76 ஆண்டு பாக்கி.