நிற்கப்போகும்போது நடுங்கும் வண்டி

மேல்மலைக் கிராமங்களில் ஒரு பிக்கப் வண்டி பழுதாவதென்பது அதன் உடைமையாளருக்கு மட்டும் நேரும் சங்கடம் அன்று. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் உள்ளே வந்தால் கவுஞ்சி. இங்கு விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் அவ்வளவு தொலைவையும் திரும்பக் கடந்து, பிற்பாடு மலையிறங்கித்தான் காசாக வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை பொறுக்கமுடியாத நோயாளியும் அதே வண்டியில்தான் ஏற்றப்படுகிறார். ஆகவே அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் சேர்ந்து வாங்கிய பழைய பிக்கப் நடுங்கத் தொடங்கியபோது, ஊரில் பாதிப் பேருக்கு அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

ஓடும்போது குறையொன்றும் இல்லை. பிரேக்கை மிதித்து வேகம் குறைகையில் மட்டும் ஸ்டீரிங், முறத்தில் தானியம் புடைப்பதைப் போலக் கைகளில் துள்ளும். வண்டி நிற்கப்போகும் கடைசிப் பத்தடியில் துடிப்புகளின் இடைவெளி நீண்டு, ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருக்கும். சமவெளியில் ஒரு பட்டறையில் 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லி, இரண்டு முன் டிஸ்குகளையும் லேத்தில் சீவிக் கொடுத்தார்கள். நடுக்கம் போயிற்று. இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் சீவலாமா என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்பதை அதன்மீதே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் சூட்டைத் தாங்காது.

சூடு என்ற சொல்லைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டு 300 மீட்டரை ஒட்டியது. சுமையோடு 2,800 கிலோ எடையுள்ள வண்டி இந்த 1,800 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 5 கோடி ஜூல் என்று ஒரு மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது அது. ஒரு பகுதியைக் காற்றும், சிறு கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவர்களின் வண்டியிலோ கிட்டத்தட்ட அத்தனையும் டிஸ்க், டிரம்களின் தலையில்தான். பெருமாள்மலை தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் சில வண்டிகளிலிருந்து எழும் கருகல் வாடை இதுதான்.

இருந்தும் எங்கள் வண்டியின் வியாதி சூட்டால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை. கொடைக்கானலில் வயதான மெக்கானிக் ஒருவர், பானட்டைத் திறக்குமுன் கேட்ட முதற்கேள்வி இது: "கையில தெரியுதா தம்பி, கால்ல தெரியுதா, உக்கார்ற எடத்துல தெரியுதா?" ஸ்டீரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையிலும் பின்பாரத்திலும் தெரிந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம், அல்லது கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம், பெடல் காலை உதைத்தால் டிஸ்கின் கனம் எங்கோ மாறுகிறது. எங்களுக்குக் கையிலும் காலிலும் தெரிந்தது.

ஆளில்லாத சமதளச் சாலையில் பெடலைத் தொடாமல் கைப்பிரேக்கை மெல்ல இழுத்து நிறுத்தச் சொன்னார். எங்கள் வண்டியில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். நடுக்கம் இல்லை, பின்பக்கம் தப்பித்தது. கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக் பிடித்தபோதும் நடுக்கம் மாறவில்லை, எஞ்சினும் தப்பித்தது. பின்பு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பேரிங்கில் ஆட்டமில்லை.

கடைசியில் டயல் கேஜ் வந்தது. டிஸ்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தில் துருப்பொருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்மலையின் மழையும் பனிமூட்டமும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. அந்தப் பொருக்கின்மேல் உட்கார்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் மிக இலேசாக ஒருபுறம் சாய்கிறது. பிரேக் பிடிக்காதபோதும் பேடை ஒரே இடத்தில் உரசுகிறது. நாளடைவில் அந்த இடம் மட்டும் தேய்கிறது. கனத்தில் 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலே கால் அதை உணர்ந்துவிடக்கூடும். ஒரு தலைமயிரின் பருமனில் மூன்றிலொரு பங்குகூட இல்லை அது. 'வளைந்துவிட்டது' என்று பட்டறைகளில் சொல்லப்படும் டிஸ்குகளில் பல உண்மையில் வளைந்தவை அல்ல, இப்படிச் சீரற்றுத் தேய்ந்தவையே. லேத்தில் சீவியது தேய்மானத்தை நீக்கியது. துரு இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கிடையே ஒரு வாரம் வண்டியை இறக்குவதில்லை என்று தீர்மானித்திருந்தோம். பூண்டு காத்திருக்கும், மச்சில் புகைபோட்டு வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். (கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அந்தக் காத்திருப்புக்கும் பங்குண்டு என்பது எங்கள் எண்ணம்.) பீன்ஸ் காத்திராது. பறித்த மூட்டைகளை வாடகை வண்டியில் ஒட்டன்சத்திரம் அனுப்பினோம். கூலியும் கமிஷனும் போக, பறித்தவர்களுக்குக் கொடுத்த பணம்தான் திரும்பி வந்தது. 'கொஞ்சம் ஆடினால் என்ன, மெதுவாகப் போகலாமே' என்றவர்களுக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. சாவியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, புது டிஸ்கும் பேடும் போட்டு, நட்டுகளை எதிரெதிராக, அளவுக்கோல் உள்ள ஸ்பானரால் ஒரே இறுக்கத்தில் முடுக்கினார் பெரியவர். ஒரு நட்டு அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இறுகினாலும் டிஸ்க் அதே சாய்வைக் கற்றுக்கொள்ளுமாம். செக்போஸ்ட்டில் சூடான டிஸ்கைப் பேடால் கவ்விப் பிடித்தபடி நிற்காமல், கற்கட்டை வைத்துக் காலை எடுத்துவிடச் சொன்னார்; கவ்விய இடத்தில் பேடின் பொருள் அப்பிக்கொள்ளும் என்பது காரணம்.

அடுத்த சுமை வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் பூண்டு. இரண்டாம் கியரில் எஞ்சின் முனக இறங்கிக்கொண்டிருந்த எங்களைப் பின்னால் வந்த சுற்றுலாக் கார்கள் ஹாரன் அடித்து விரட்டின. அண்ணன் வளைவுக்கு வளைவு ஓரங்கட்டி, அவற்றுக்கு வழிவிட்டுக்கொண்டே வந்தார்.