பதினாறு சிப் கணக்கு

பழைய கம்ப்யூட்டருக்கு ராம் வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே கேட்பது ஒரே கேள்விதான்: “நாலு ஜிபி எத்ர ரூபா?” ஆலுவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் அந்த ரிப்பேர் கடையில் இதற்கு உடனே விலை சொல்வதில்லை. “போர்டு ஏதா?” என்று திருப்பிக் கேட்கிறார் கடைக்காரர். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. மீதிப் பேர் “பழசு” என்பார்கள். அவர் பேச்சை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார்.

ஐம்பதைத் தாண்டிய மலையாளி அவர். கூட வேலை பார்க்கும் பையனுக்குச் சொந்த ஊர் கம்பம். அவரைச் ‘சேட்டா’ என்றும் என்னை ‘அண்ணே’ என்றும் கூப்பிட்டபடி இரண்டு மொழியிலும் சளைக்காமல் பேசுகிறான். நான் போன நேரத்தில் மேஜைமேல் ஒரு ஜெராக்ஸ் கடையின் சிபியு திறந்து கிடந்தது. உள்ளே 2008-இல் சந்தைக்கு வந்த இன்டெல் ஜி41 சிப்செட் போர்டு. ஜெராக்ஸ் கடை முதலாளி ஆன்லைனில் 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்றை வாங்கித் தானே செருகிப் பார்த்திருக்கிறார். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை, பீப் மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது. ராம் பழுது, திருப்பி அனுப்பிவிடலாம் என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

பையன் அந்த ராமின் விளிம்பைப் பிடித்து விளக்கடியில் புரட்டினான். ஒரு பக்கம் எட்டு கறுப்புச் சிப்புகள், மறுபக்கம் ஒன்றுமில்லை. “ராம் நல்லாத்தான் இருக்குண்ணே, இந்தப் போர்டுக்கு ஆகாது” என்றான். டிராயரைத் துழாவி இன்னொன்றை எடுத்தான். அதுவும் 4 ஜிபி, அதுவும் டிடிஆர்3. ஆனால் பக்கத்துக்கு எட்டாக மொத்தம் பதினாறு சிப். ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினான். இரு முனைக் கிளிப்பும் டக்கென்று பூட்டிக்கொண்டன. விண்டோஸ் எழுந்தது.

“ஜிபி நோக்கண்டா. சிப் எண்ணணம்” என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமல்.

கணக்கு இதுதான். 4 ஜிபி என்பது 32 கிகாபிட். பதினாறு சிப் என்றால் ஒவ்வொன்றிலும் 2 கிகாபிட். எட்டே சிப் என்றால் 4 கிகாபிட். கொள்ளளவு கூடிய சிப்பில் வரிசைகள் இரண்டு மடங்கு. அவற்றைக் குறிக்க முகவரியில் ஒரு பிட் கூடுதலாக வேண்டும். ஜி41 பிறந்த காலத்தில் அந்த அளவுச் சிப் புழக்கத்தில் இல்லை. அதனால் அந்தக் கூடுதல் பிட்டை அதற்குக் கையாளத் தெரியாது. சரக்கு ஒன்றுதான், புது வீட்டு எண்ணைப் படிக்கத் தெரியாத பழைய தபால்காரர் மாதிரி போர்டு திகைத்து நின்றுவிடுகிறது. பெட்டிமேல் ‘4 ஜிபி டிடிஆர்3’ என்று மட்டும் அச்சடிக்கும் கம்பெனிகளுக்கு இதையும் ஒரு வரி சேர்ப்பதில் என்ன சிரமமோ!

எண்ணிக்கை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பக்கத்துக்கு ஒன்பது சிப் இருந்தால் பெரும்பாலும் அது சர்வரிலிருந்து கழற்றிய சரக்கு; ஒன்பதாவது சிப் பிழை திருத்துவதற்கு. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கி வருகிறார்கள். ரெஜிஸ்டர்டு வகையாக இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் அதைத் தொடாது.

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு சற்றே தள்ளி இருக்கும், மின்னழுத்தமும் வேறு. முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5. வெட்டு பொருந்தாதபோது பலத்தைக் காட்டி ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வேகத்தைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 1333-இல் ஓடும் போர்டில் 1600 ராமைப் போட்டால் அது பெரும்பாலும் 1333-க்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான்.

பாதி கேஸ் ராமே மாற்றாமல் தீர்ந்துவிடும் என்கிறான் பையன். பெரியாற்றங்கரை ஈரத்தில் தங்கப்பூச்சுப் பின்களில் அழுக்கு படிகிறது. பள்ளிக்கூடத்து அழிரப்பரால் நாலு இழுப்பு இழுத்து, துகளை பிரஷ்ஷால் தட்டிச் செருகினால் டிஸ்பிளே வந்துவிடுகிறது. 2018 ஆகஸ்டில் பெரியாறு ஊருக்குள் ஏறியபோது ரப்பர் போதவில்லை. சேற்றில் ஊறிய போர்டுகளை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்த்து, வாரக்கணக்கில் காயவைத்தார்களாம். எத்தனை பிழைத்தன என்று கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார்.

ராம் போடுவதற்கு முன் அவர் கேட்கும் இன்னொரு கேள்வி, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பது. 32 பிட் விண்டோஸில் எட்டு ஜிபி போட்டாலும் நாலுக்கு மேல் பயன்படாது. சில மெஷின்களைப் பார்த்ததும், ராம் வேண்டாம், அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி போடுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, எதையும் போட வேண்டாம் என்று சொல்லவும் நேர்கிறது. வியாபாரியின் வாயிலிருந்து இது வருவது அபூர்வம்.

இந்தப் பார்வைக்குத்தான் கூலி இல்லை. எந்த ராம் சேரும் என்று கேட்டுக்கொண்டு, லேபிளைப் போனில் படம் பிடித்து, வெளியே போய் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். நான் இருந்தபோதே ஒருவர் அப்படிப் போனார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை; பையன்தான் முணுமுணுத்தான்.

உங்கள் பழைய மெஷினுக்கு ராம் வாங்கப் போனால், இருக்கிற ராமைக் கழற்றி, போர்டின் மாடல் எண்ணையும் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள். எது சேரும் என்று சொன்னவரிடமே வாங்குங்கள். வாங்காவிட்டாலும், பார்த்துச் சொன்னதற்குக் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.