கேளாமற்போன பாட்டு

மனிதனுக்குக் கண்கள் இரண்டு, செவிகளும் இரண்டு. ஆயினும், நம்மிற் பலர் கண்ணுக்கு அளிக்கும் மதிப்பைச் செவிக்கு அளிப்பதில்லை. வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அதனை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கி வருபவன் நான். அத்தகைய நானே, ஒரு முதிய தாயின் குரலைக் காக்கத் தவறினேன். அந்தத் தவற்றையும் அது கற்பித்த பாடத்தையும் ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் பள்ளி ஒரு தோட்டத்தில் பிறந்த பள்ளி. அத்தோட்டத்தில் இன்று கித்தா மரங்கள் இல்லை. செம்பனை வளர்ந்து நிற்கிறது. லயங்களும் மறைந்துவிட்டன. எஞ்சியிருப்போர் பால்வெட்டி வாழ்ந்த முதியோர் சிலரே. அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்து பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும் என 2019ஆம் ஆண்டில் முடிவு செய்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வீடியோ கேமராவை வாங்கித் தந்தது.

முதலில் வந்தவர் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி. இப்பள்ளியில் மூன்றாண்டுகளே படித்தவர். “வாத்தியாரே, எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது, கித்தாக் காட்டுல முணுமுணுத்ததுதான் தெரியும்” என்று கூறிவிட்டுப் பாடலானார். விடியற்காலைப் பிரட்டு, நிறையாத வாளி, லயத்தில் அழும் குழந்தை எனப் பாட்டு நீண்டது. மண்டபத்தில் இருந்தோர் கண் கலங்கினர். கேமராவோ, பதினைந்து அடிக்கு அப்பால் முக்காலியின்மேல் நின்றது. தலைக்கு மேலே காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன.

மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தோம். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. ஒலியில் காற்றாடியின் இரைச்சலே மேலோங்கி நின்றது. பாட்டியின் குரல் அதற்கடியில் எங்கோ புதைந்து கிடந்தது. அவர் மூச்சுவிட நிறுத்தும்போதெல்லாம் கேமரா தானாகவே ஒலியளவை உயர்த்த, இரைச்சல் பொங்கி எழுந்தது. அருகில் நின்ற அவருடைய கொள்ளுப்பேரன், ஐந்தாம் ஆண்டு மாணவன், “பாட்டி என்ன பாடுறாங்க ஐயா?” என்று கேட்டான். என்னால் விடை கூற இயலவில்லை.

தனி ஒலிவாங்கி ஒன்று வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. 2020 சனவரியில், சட்டையிற் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றை வாங்கினேன். அதன் செருகி 3.5 மில்லிமீட்டர், கேமராவின் துளையும் அதுவே. செருகினேன், இறுகப் பொருந்தியது. ஒலி மட்டும் வரவில்லை. பழுதான பொருள் என்றெண்ணிக் கடையில் மாற்றி வந்தேன். புதியதும் ஊமையாகவே இருந்தது. பின்னர், பள்ளி மேடையில் பயன்படும் ஒலிவாங்கியை ஓர் இணைப்புக் கம்பியின் துணையால் மாட்டினோம். குரல் மெலிந்தும் இரைச்சல் மிகுந்தும் கேட்டது. இவ்வாறு வாரங்கள் கழிந்தன. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளி அடைபட்டது. அவ்வாண்டிலேயே பாட்டியும் மறைந்தார். இறுதிச் சடங்கிற்குச் செல்லவும் என்னால் இயலவில்லை.

வீட்டில் அடைபட்டிருந்த நாள்களில், ஒலியமைப்புத் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைக் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, செருகி உள்ள போயிட்டாலே பொருந்திடுச்சுன்னு அர்த்தமில்ல” என்றார். மாணவர் ஆசிரியரானார், நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

அவர் கற்பித்தவற்றுள் முதலாவது செருகியைப் பற்றியது. செருகியின் உலோகத் தண்டில் கருவளையங்கள் உள்ளன. இரண்டு வளையம் இருப்பின் தொடுமுனைகள் மூன்று. அது கேமராவுக்கு உரியது. மூன்று வளையம் இருப்பின் தொடுமுனைகள் நான்கு; அது கைப்பேசிக்கு உரியது. நான் வாங்கியது இரண்டாம் வகை. அதனைக் கேமராவில் செருகும்போது, ஒலி செல்ல வேண்டிய முனை தரைமுனையோடு இணைந்துவிடுகிறது. ஒலி பிறந்தும் வழியிலேயே மடிகிறது. இவ்விரு வகைகளையும் இணைப்பதற்கென்றே செய்யப்பட்ட சிறு மாற்றி ஒன்றிருந்தால் போதும், குறை நீங்கிவிடும்.

இரண்டாவது, மின்னூட்டம். மேடை ஒலிவாங்கி பெரும்பாலும் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை; ஆனால், அது தரும் மின்குறி மிக மெல்லியது. உதட்டருகே பிடித்துப் பேசுவதற்கென அமைந்தது அது. அக்குறியைக் கேமரா பன்மடங்கு பெருக்கும்போது தன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. சட்டையிற் குத்தும் ஒலிவாங்கிகள் பெரும்பாலும் எலெக்ட்ரெட் வகையைச் சார்ந்தவை. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் உருவாக்கியது அவ்வகை. இவற்றுக்குச் சிறிதளவு மின்சாரம் தேவை. கேமராவின் துளையே அதனைத் தருமா, ஒலிவாங்கிக்குள் மின்கலம் இட வேண்டுமா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் உள்ள சில ஒலிவாங்கிகள் 48 வோல்ட் கேட்பவை; கேமராவின் சிறு துளை தருவதோ ஒருசில வோல்ட்டே.

மூன்றாவது, அளவு. மண்டப ஒலிபெருக்கியிலிருந்து வரும் மின்குறி, ஒலிவாங்கியின் குறியைவிடப் பன்மடங்கு வலியது. அதனை ஒலிவாங்கித் துளையில் நேரே பாய்ச்சினால் குரல் உடைந்து சிதறும்.

நான்காவது, யாவற்றினும் முதன்மையானது: தொலைவு. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால், நேரே வந்து சேரும் ஒலியழுத்தம் பாதியாகக் குறையும். அறையின் இரைச்சலோ குறைவதில்லை. பதினைந்து அடிக்கு அப்பால் இருக்கும் விலையுயர்ந்த ஒலிவாங்கியைவிட, ஒரு சாண் தொலைவில் இருக்கும் எளிய ஒலிவாங்கியே மேல். கேமராவின் தானியங்கி ஒலியளவை நிறுத்திக் கையால் அமைத்தல், காதணி ஒலிபெருக்கி மாட்டிக் கேட்டுக்கொண்டே பதிவு செய்தல் ஆகிய இரண்டையும் அவர் வலியுறுத்தினார். ஒலிவாங்கித் துளையே இல்லாத கேமராக்களும் உண்டு. ஆதலின், கடைக்குச் செல்லும்போது கேமராவையும் உடன் எடுத்துச் செல்லுங்கள் என்றார்.

எண்ணிப் பார்க்கின், இது ஒலிவாங்கிக்கு மட்டும் உரிய பாடமன்று. ஒரு மாணவன் வகுப்பில் வந்து அமர்வதாலேயே கற்றவன் ஆகிவிடுவதில்லை. அவன் மொழியும் என் மொழியும் எம்முனையில் சந்திக்கின்றன, அவனுக்கு எவ்வளவு ஊக்கம் தேவை, நான் எவ்வளவு அருகில் நிற்கிறேன் என்பவற்றை ஆராயாமல், “இவன் பழுதானவன்” என்று எத்தனை முறை முடிவு கட்டியிருப்பேன்!

2022இல் பணியை மீண்டும் தொடங்கினோம். ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தார். சரியான செருகியுடன் கூடிய ஒலிவாங்கி அவர் சட்டையில் இருந்தது. பதிவு தொடங்குமுன், காதணி மாட்டியிருந்த மாணவி கையுயர்த்தி, “ஐயா, காத்தாடிச் சத்தம் கேட்குது” என்றாள். காற்றாடியை நிறுத்தினோம். அனைவருக்கும் வியர்த்தது. ஆனால், அந்த முதியவரின் ஒவ்வொரு சொல்லும் இன்று எங்கள் நூலகத்தில் தெளிவாகக் கேட்கிறது.

பாட்டியின் பதிவை நான் அழிக்கவில்லை. சில வேளைகளில் அதனைப் போட்டுப் பார்ப்பதுண்டு. உதடுகள் அசைகின்றன, பாட்டு வருவதில்லை. அன்பார்ந்த ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் இல்லத்திலும் ஊரிலும் முதியோர் இருப்பர். அவர்தம் குரலைக் காக்க விரும்பினால், இன்றே கருவியை எடுத்துச் செருகியின் வளையங்களை எண்ணிப் பாருங்கள். மாட்டிப் பேசுங்கள், கேட்டுப் பாருங்கள். அதன்பின் அவர்முன் சென்று அமருங்கள். கருவி காத்திருக்கும்; குரல் காத்திராது.