முக்காலிக்கு ஒரு வீடு

இராமகாதையைப் பாட முற்பட்ட கம்பர், பாற்கடலைக் கண்டு அதை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். கவிச்சக்கரவர்த்தியே தம்மைப் பூனை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை. ஆனால் நம் ஊரில் பூனைக்கு நல்ல பெயர் கிடையாது. குறுக்கே போனால் சகுனத் தடை. கண்ணை மூடினால் கள்ளத்தனம். சட்டி உருண்டால் பழி அதன் தலையில். நாயைப் பற்றி எழுதச் சொன்னால் நன்றியுள்ள பிராணி என்று இரண்டு பக்கம் எழுதுகிறோம். பூனை என்றால் எலி பிடிக்கும் என்ற ஒரே வரியோடு பேனாவை மூடி வைத்துவிடுகிறோம்.

2024-25ஆம் கல்வியாண்டில், ஒன்பதாம் வகுப்பு சமூகப் பணிக் குழுவைச் சேர்ந்த நாங்கள் 22 பேரும் அந்த ஒரு வரிக்கு மேல் சிறிது கற்றுக்கொண்டோம். அதை இம்மலர் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீடுகளைப் பூட்டிக்கொண்டு உறவினர் இல்லங்களுக்குச் சென்றவர்கள் பலர். அவர்களோடு போக இயலாத வாயில்லா ஜீவன்கள் மதில்களின் மேலும் மாடிப்படிகளிலும் நின்றன. அவற்றுள் சில நகரின் ஓரத்திலுள்ள ஒரு பிராணிகள் காப்பகத்திற்கு வந்து சேர்ந்தன. வெள்ளம் வடிந்து பத்து மாதங்கள் ஆன பின்னும் அவற்றைத் தேடி யாரும் வரவில்லை.

அக்டோபர் 4 அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாள். அன்றைய தினமே உலக விலங்குகள் தினமாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாங்கள் பேச்சும் பாட்டும் நடத்தி முடித்ததும், எங்கள் குழுவின் பொறுப்பாளரான சிஸ்டர், "பேச்சு நன்றாக இருந்தது பிள்ளைகளே. சனிக்கிழமை யாருக்கெல்லாம் நேரம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், பெற்றோரின் அனுமதிக் கடிதத்தோடு, அந்தக் காப்பகத்திற்குச் செல்லத் தொடங்கினோம்.

இத்தகைய பணியில் நம் நகரத்திற்கு ஒரு பெருமை உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியது இங்கேதான். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாகவே, 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது அச்சட்டத்தின்படி குற்றமாகும். உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்பதும் 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் நம் அரசியலமைப்பில் இடம்பெற்றது. குடிமையியல் பாடத்தில் மனப்பாடம் செய்த வரி, காப்பகத்தின் வாசலில் உயிரோடு வந்து எங்கள் காலைச் சுற்றியது.

அங்கே எங்களுக்குக் கொடுக்கப்பட்டவை துடைப்பமும் வாளியும். மணல் தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைப்பது, உணவுக் கிண்ணங்களைத் தேய்ப்பது, பழைய செய்தித்தாள்களைக் கூண்டுகளின் அளவுக்கு மடித்து விரிப்பது ஆகியவை முதல் ஒரு மணி நேர வேலை. அடுத்த வேலை, சும்மா உட்கார்ந்திருப்பது. மனிதரைக் கண்டாலே மூலையில் ஒடுங்கும் பூனைகளின் அருகே, அவற்றைத் தொடாமல், உற்றுப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் ஏதேனும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்களில் சிலர் வரலாற்றுப் பாடத்தை அங்கேதான் படித்து முடித்தனர். நான்காவது வாரம் ஒரு சாம்பல் நிறப் பூனை தானாக வந்து புத்தகத்தின் மேல் படுத்துக்கொண்டது. அன்று பாடம் அத்தோடு நின்றது.

நிதி திரட்டும் பணியில் பள்ளி முழுவதும் எங்களுக்குக் கை கொடுத்தது. வீடு வீடாகப் பழைய தாள்களைச் சேர்த்து விற்றோம். பழைய படுக்கை விரிப்புகளைத் தையல் வகுப்பில் துணிப்பைகளாகத் தைத்தோம். பெற்றோர் தினத்தன்று சுண்டல், எலுமிச்சைச் சாறு, எலந்தவடை ஆகியவற்றோடு ஒரு கடை போட்டோம். மொத்தம் 18,460 ரூபாய் சேர்ந்தது. மெத்தைகளும் விளையாட்டுப் பொருள்களும் வாங்கலாம் என்று எங்களில் பலர் சொன்னோம். காப்பகத்தின் கால்நடை மருத்துவர் வேறு கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பெண் பூனை பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டிகள் என்று வைத்தாலும், ஓராண்டில் இரண்டு மூன்று முறை ஈனலாம். அத்தனை குட்டிகளுக்கும் வீடு எங்கே? "வாளியில் இறைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் குழாயை மூட வேண்டாமா?" என்றார் அவர். எங்கள் தொகை 11 பெண் பூனைகளின் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கும் சில தடுப்பூசிகளுக்கும் சென்றது.

ஆயினும் பணம் வீடு தேடித் தராது. காப்பகம் எவ்வளவு நல்லதாயினும் அது வழியில் தங்கும் சத்திரமே. ஒவ்வொரு பூனைக்கும் ஓர் அட்டை எழுதும் பொறுப்பை எங்களிடம் தந்தார்கள். "அழகானது, அன்பானது" போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. "பெண். மூன்று வயது இருக்கும். இடிச் சத்தத்திற்குப் பயப்படும். வாலைப் பிடித்தால் கீறும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கும்" என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பூனை கேட்டு வருபவர்களிடம் கேட்பதற்குச் சில கேள்விகளும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? மாடி வீடானால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா? கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் சோறு வைப்பவர் யார்? பூனை பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடும் என்பது தெரியுமா?

குட்டிகளைக் கேட்டுப் பலர் வந்தனர். ஒரு வீட்டார் குழந்தையின் பிறந்தநாளுக்கென்று ஓர் ஆரஞ்சு நிறக் குட்டியைக் கொண்டுபோய், மூன்றே வாரத்தில் சோபாவெல்லாம் முடி கொட்டுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டனர். போனபோது துள்ளிய குட்டி, வந்த பின் இரண்டு நாள் கிண்ணத்தின் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அன்று முதல் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் சிஸ்டர் இரண்டு பத்திகளைக் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னார். முதல் பத்தி "சென்றவை". இரண்டாவது "திரும்பாதவை". ஒரு பூனை புது வீட்டில் மூன்று மாதம் நிலைத்து, விசாரித்து நல்ல சேதி வந்த பிறகே அதன் பெயர் இரண்டாம் பத்திக்கு ஏறும். கேள்விகளைக் கேட்டபின், "எங்களால் முடியாது" என்று மனம் திறந்து சொல்லிப் போனவர்களை நாங்கள் நன்றியோடுதான் வழியனுப்பினோம். அப்படிச் சொன்ன ஒவ்வொருவரும் ஒரு பூனையை அந்தச் சுவர்ப் பக்கத்திலிருந்து காப்பாற்றியவர்களே.

வளர்ந்த பூனைகளைக் கேட்க ஆள் இல்லை. அவற்றுள்ளும் கடைசியாக நின்றது முக்காலி. வெள்ளத்திற்குப் பின் வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுப் பின்னங்கால் ஒன்றை இழந்த கறுப்புப் பூனை. ஐந்து வயதிருக்கும். அங்குள்ள ஊழியர்கள் இட்ட பெயர் அது. மூன்று காலோடு அது மேசை மேல் தாவுவதைப் பார்த்தால் நான்காவது கால் எதற்கு என்றே தோன்றும். ஆனால் வந்தவர்கள் பார்த்தது கறுப்பு நிறத்தையும் இல்லாத காலையும்தான். "காலையில் எழுந்து இது முகத்திலா முழிப்பது?" என்று ஒருவர் கேட்டார். எட்டுக் குடும்பங்கள் பார்த்துவிட்டுக் கடந்து சென்றன.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். தனியாக வாழ்பவர். எல்லா அட்டைகளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாக வாசித்தார். முக்காலியின் கூண்டருகே நாற்காலியைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தார். முக்காலியும் அவர் புடவைத் தலைப்பை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்தது. நாங்கள் கேள்விகளை எடுத்தோம். அவரோ, "உங்க கேள்வி எல்லாத்துக்கும் பதில் இருக்கு. என் கேள்விக்கு நீங்க பதில் சொல்லுங்க கண்ணுங்களா. எனக்கு அறுபத்தெட்டு வயசு. இது இன்னும் பத்து வருஷம் இருக்கும். எனக்கு முன்னே பின்னே ஏதாவது ஆச்சுன்னா, இதை மறுபடியும் இந்தக் கூண்டுக்கா அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. எங்கள் படிவத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. அப்போது, ஒவ்வொரு முறையும் எங்களுக்குத் துணையாக வேனில் வரும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் முன்னே வந்தார். பூனை என்றால் இரண்டடி தள்ளியே நிற்பவர் அவர். "பேனாவைக் கொடுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் இது எங்கள் வீட்டுக்கு வரட்டும்" என்று சொல்லி, அட்டையின் அடியில் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் முக்காலி கூடைக்குள் ஏறியது.

அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையிலும் "இரண்டாம் வீடு" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது. வளர்ப்பவருக்கு நோயோ இடமாற்றமோ நேர்ந்தால் பொறுப்பேற்கும் ஒருவரின் கையொப்பம் அதில் இருக்கும். நிரந்தர வீடு என்றால் அசையாத சுவர் என்று எண்ணியிருந்தோம். ஒருவர் தளரும்போது மற்றொருவர் ஏற்றுக்கொள்ளும் வாக்குறுதிதான் அது என்று இப்போது அறிகிறோம். நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட வாக்குறுதிகளால் வளர்ந்து வருகிறோம் என்பதை வீட்டிற்குத் திரும்பும் வழியில் வேனில் பேசிக்கொண்டே வந்தோம்.

பூனை வளர்க்க எண்ணும் அன்பர்களுக்கு மருத்துவர் கூறிய சில குறிப்புகள்: எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. புது வீட்டில் முதல் சில நாள் ஒரே அறையில் வைத்துப் பழக்க வேண்டும். கம்பர் என்ன பாடியிருந்தாலும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. சுத்தமான தண்ணீரும் மீன் அல்லது இறைச்சி உணவுமே ஏற்றவை. நமக்குக் காய்ச்சல் தீர்க்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. தடுப்பூசியையும் கருத்தடையையும் தள்ளிப் போடக் கூடாது.

கல்வியாண்டின் இறுதியில் எங்கள் கணக்கு இதுதான். சென்றவை 14. திரும்பி வந்தவை 2. திரும்பாதவை பத்தியில் ஏறியவை 7. மீதி 5 பூனைகளுக்கு மூன்று மாதம் இன்னும் நிறையவில்லை. அவற்றுள் முக்காலியும் ஒன்று.

ஆறு வளர்ந்த பூனைகள் இன்னும் காப்பகத்தில் காத்திருக்கின்றன. அடுத்து ஒன்பதாம் வகுப்பிற்கு வரும் தங்கைமாரிடம் நோட்டுப் புத்தகத்தையும் துடைப்பத்தையும் ஒப்படைக்கிறோம். பெற்றோர்களே, பூனை வளர்க்க இயலாதவர்கள் இயலாது என்றே சொல்லுங்கள், அதில் குறையேதும் இல்லை. பழைய தாள்களைத் தாருங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேனில் துணைக்கு வாருங்கள். ஓர் அட்டையின் அடியில் உங்கள் பெயரை எழுத மனம் இருந்தால், பேனா எங்களிடம் இருக்கிறது.

— ஒன்பதாம் வகுப்பு சமூகப் பணிக் குழு மாணவியர்